எதிர் வீட்டு அடுப்பு

எங்கள் தெருவில் ஒருவருக்கும் பட்டா கிடையாது. உப்பளத்தை ஒட்டிய புறம்போக்கு. அதிகாரிகள் வந்தால் அடுப்பு எரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். பூட்டிக் கிடந்தால் சுவரில் சிவப்புக் குறி போடுவார்கள்; பிறகு இடிக்க வண்டி வரும். அதனால் வேலைக்குப் போகிறவள் எதிர் வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவாள். ஜீப் தெரிந்ததும் இருப்பவள் இரண்டு அடுப்பையும் பற்ற வைப்பாள்.

எதிர் வீட்டு கிளாடிஸ் சாவி தருவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் லாரியில் என் குடத்தை அவள் தள்ளினாள், நான் அவளைத் தள்ளினேன். அவ்வளவுதான் சண்டை.

அன்று காலை ஜீப் வந்தபோது அவள் நண்டு கம்பெனியில் வேலையில் இருந்தாள். என் அடுப்பைப் பற்ற வைத்தேன். அவள் பூட்டு என்னை முறைத்தது. திமிர் பிடித்தவள், நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து எங்கே நிற்கும்? அம்மிக் குழவியால் பூட்டை உடைத்தேன்.

அடுப்பில் புகை எழும்பும்போதே அதிகாரி வாசலுக்கு வந்துவிட்டார்.

"பேரு?"

"கிளாடிஸ்" என்றேன்.

"வாசல்ல நில்லுங்கம்மா, போட்டோ எடுக்கணும்."

போட்டோ எடுப்பது இதுவரை இல்லாத வழக்கம். கிளாடிஸாகப் படமாகிவிட்ட நான், ஜெமிமா என்று சொல்லிக்கொண்டு என் வாசலில் எப்படிப் போய் நிற்பது? அவர் தெருவைக் கடந்து என் வீட்டுக்குப் போனார்.

"உள்ள யாரு?"

அடுப்பு எரிந்தது, படத்துக்கு நிற்கத்தான் ஆள் இல்லை. பெயிண்ட் டப்பாவோடு வந்தவன் மூடியைத் திறந்தான். கத்த வாயெடுத்தேன்.

"நாந்தான் சார், ஜெமிமா. சோறு வடிச்சிட்டிருந்தேன்."

என் வீட்டுக்குள்ளிருந்து கிளாடிஸ் வந்தாள். தலையில் கம்பெனித் தொப்பி, மூச்சு வாங்கியது. ஜீப் வந்தது கேட்டு ஓடி வந்தவள், தன் வாசலில் நான் நிற்பதைப் பார்த்து என் பின்பக்கத் தட்டியை நெம்பி நுழைந்திருக்கிறாள். அவளையும் படம் எடுத்தார்கள்.

ஜீப் போனதும் அப்படியே அவள் வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எம் பூட்ட ஏன்க்கா ஒடச்ச?"

"எந் தட்டிய நீ ஏன்ளா பிச்ச?"

அடையாள அட்டைகள் வந்தன. என் வீட்டு அட்டையில் அவள் முகம், அவள் வீட்டு அட்டையில் என் முகம். இனி எந்த ஜீப் வந்தாலும் அவள் என் வாசலில் நிற்க வேண்டும், நான் அவள் வாசலில் நிற்க வேண்டும். தண்ணீர் லாரிச் சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை.