பெரியவளின் பெயரில்

"கேமராவை மட்டும் போட்டுடாதே. சும்மா உட்கார்ந்திரு, அது போதும்" என்று சொல்லிவிட்டு, பெரியவள் தலைக்குச் சாயம் பூசக் குளியலறைக்குப் போனாள்.

மேசைமேல் பெரியவளின் மடிக்கணினி. திரையில் கட்டம் கட்டமாக ஆசிரியர்களின் முகங்கள். அவற்றின் நடுவே ஒரு கறுப்புக் கட்டம். அதன் கீழே பெரியவளின் பெயர், பட்டங்கள், 'தலைமையாசிரியை'. அந்தக் கறுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் சின்னவள். ஆசிரியர்களுக்கான விண்வெளி அறிவியல் மாநாட்டை மாதாமாதம் இணையத்தில் நடத்துகிறார்கள், பள்ளிக்கு ஒருவர், அதுவும் தலைமையாசிரியர்தான் கலந்துகொள்ள வேண்டும் என்று தாளாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போதாக்குறைக்கு அவரும் ஒரு கட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். பெரியவளுக்கு வானமும் வேண்டாம், விண்வெளியும் வேண்டாம். அவள் படித்தது வணிகவியல்.

சின்னவள் அதே பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தாள். வேலை ஓரகத்தியான பெரியவள் வாங்கிக் கொடுத்தது. குடியிருந்த கீழ்வீடு கணவனின் அண்ணனான மூத்தார் கட்டியது. பள்ளியில் 'மேடம்', வீட்டில் 'அக்கா'. ஒருநாள் ஆசிரியர் கூட்டத்தில் வாய் தவறி 'அக்கா' என்றுவிட்டாள். பெரியவள் பார்த்த பார்வையில் அன்று மாலை வீட்டிலேயே 'மேடம், டீ' என்று நீட்டினாள். மூத்தார் மட்டும் சிரித்தார். கணவனிடம் முறையிட்டால், "அண்ணி எது சொன்னாலும் நம்ம நல்லதுக்குத்தான்" என்பான். நல்லதுதான். மூச்சு முட்ட முட்ட நல்லது.

ஆனால் இன்று அவளுக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை. கள்ளத்தனமாகக் கிடைத்தாலும் இடம் முன்வரிசையல்லவா? பேசிக்கொண்டிருந்த விஞ்ஞானி நரைத்த தலையும் கரகரத்த குரலுமாக ஒரு பெண்மணி. விண்கலத்தில் இருப்பவர்கள் மிதப்பது அங்கே ஈர்ப்பு விசை இல்லாததால் அல்ல, கலத்தோடு சேர்ந்து அவர்களும் ஓயாமல் பூமியை நோக்கி விழுந்துகொண்டிருப்பதால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவளுக்குக் கை துறுதுறுத்தது. இதைத்தான் அவள் போன வாரம் வகுப்பில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துக் காட்டியிருந்தாள். அப்போது கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி ஒன்று கேட்டிருந்தாள். அதற்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. யாருடைய பெயரில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை ஒரு நிமிடம் மறந்து, அதை உரையாடல் பெட்டியில் தட்டிவிட்டாள்: 'விழுந்துகொண்டே இருப்பவர்களுக்கு, விழுகிறோம் என்று தெரியுமா?' கூடவே, இது தன் மாணவி கேட்டது என்றும், பாட்டில் சோதனையைப் பற்றியும் இரண்டு வரி.

விஞ்ஞானி பேச்சை நிறுத்திக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பெரியவளின் பெயரை உரக்கப் படித்தார்.

"மேடம், அருமையான கேள்வி. அந்த பாட்டில் சோதனையை எங்களுக்கும் கொஞ்சம் காட்டுவீங்களா?"

சின்னவள் எழுந்து, "அக்கா!" என்று கத்தினாள். பெரியவள் சாயம் அப்பிய தலையோடு, தோளில் பழைய துண்டோடு ஓடி வந்தாள். விஷயம் கேட்டதும் முகம் வெளிறியது.

"உன்னை யாருடி வாயைத் திறக்கச் சொன்னது?"

"நெட் போச்சுன்னு சொல்லிடவாக்கா?"

அதற்குள் மேசைமேல் இருந்த பெரியவளின் கைபேசி கிணுகிணுத்தது. தாளாளரின் செய்தி: 'பிரமாதம். காட்டுங்கள். பெருமையாக இருக்கிறது.' பெரியவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"கையை மட்டும் காட்டு. முகம் தெரியக்கூடாது. பேசு, பரவாயில்லை."

சின்னவளின் குரல் தாளாளருக்குத் தெரியாது. அவர் எதிரில் அவள் வாய் திறந்து பேசியதே இல்லை; இணைய இரைச்சலில் பெரியவளின் குரல் என்றே எடுத்துக்கொள்வார்.

கேமராவையும் மைக்கையும் போட்டு, கணினியின் மூடியைக் கீழ்நோக்கிச் சாய்த்து, அடியில் துளையிட்ட பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, தரையில் பெரிய டப்பாவை வைத்தாள். நாற்காலிமேல் ஏறி நின்றாள். முதல் வார்த்தைதான் நடுங்கியது; பிறகு அது வகுப்பறைக் குரலாகிவிட்டது. "பாருங்க, கையில புடிச்சிருக்கும்போது துளை வழியா தண்ணி பீச்சுது. இப்ப விடறேன்." பாட்டில் விழுந்த அந்தக் கணத்தில், பீச்சிய நீர் கத்தரித்ததுபோல் நின்றது. டப்பாவில் மோதித் தண்ணீர் சிதறியது. திரையில் கட்டத்துக்குக் கட்டம் கைதட்டினார்கள். யாரோ "இன்னொரு தடவை!" என்றார்கள். பெரியவள்கூடச் சுவரோரம் நின்றபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மாணவியோட கேள்விக்கு வரேன்" என்றார் விஞ்ஞானி. "உள்ளே இருக்கறவங்களுக்குத் தெரியாது. கூட இருக்கற எல்லாமே சேர்ந்து விழுது இல்லையா? ஜன்னல் வழியா வெளியே பாத்தாத்தான் தெரியும்." பிறகு சிரித்தார். "அடுத்த மாசம் இந்தப் பகுதியை நீங்களே நடத்தணும். இப்ப ஒரே ஒரு தடவை உங்க முகத்தைப் பாக்கலாமா?"

சின்னவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். ஈரக் கையை ஆடையில் துடைத்துக்கொண்டாள். அடுத்த மாதமும் பெரியவள் கையை மட்டும் காட்டச் சொல்வாள். அதற்கடுத்த மாதமும். மூடியை நிமிர்த்தாமலே, கணினியின் பக்கத்தில் குனிந்து சொன்னாள்:

"மன்னிச்சுக்கங்க மேடம், நான் ஹெச்.எம். இல்லை. ஆறாம் வகுப்பு டீச்சர். அது என் கிளாஸ் பொண்ணு கேட்ட கேள்வி."

சொல்லி முடித்ததும் தலை லேசானது. அழுகை வரும்போல் இருந்தது.

"மேடம், உங்க குரல் கேக்கலையே" என்றார் விஞ்ஞானி. "மைக் ஆஃப்ல இருக்கு பாருங்க."

சின்னவள் திரும்பினாள். பெரியவளின் சாயம் படிந்த விரல் விசைப்பலகையின் ஓரத்திலிருந்து மெல்ல விலகியது. கறை படிந்த அந்த விரலாலேயே பெரியவள் கூட்டத்தையும் மூடினாள். திரையில் முகங்கள் போயின. அறையில் குளியலறைக் குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

"தாளாளர் இருக்கார்டி" என்றாள் பெரியவள். கோபமே இல்லாத குரல். "என்னை என்ன பண்ணச் சொல்றே?"

சின்னவள் தரைத் தண்ணீரைத் துடைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனாள்.

வெயில் சாய்ந்திருந்தது. கொடியில் பெரிய படுக்கை விரிப்பு ஒன்று காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. அதை உருவி ஒருத்தியாக மடிக்கப் பார்த்தாள். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை பறந்து தரையில் புரண்டது. படியில் காலடிச் சத்தம் கேட்டது. பெரியவள் வந்து மறுமுனையை எடுத்தாள். இருவரும் விரிப்பை இழுத்து உதறினார்கள். பிறகு வழக்கம்போல் மடிப்பதற்காக ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டியிருந்தது. பெரியவள் நடந்து வந்தாள். சின்னவள் தன் முனையை இறுக்கிப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். நடுவே துணி தொய்ந்து, காற்றில் மெல்ல ஏறி இறங்கியது.