முள் வைத்த பூட்ஸ்

பகல் ஷிப்ட் முடிந்ததும் சாந்தாமணி மகனை எதிர்பார்த்து நேராகச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டவில்லை. துணைக்கென்று கூட வந்த மில் மேஸ்திரி நஞ்சுண்டன், உண்மையில் அவன் கொண்டுவரும் சேதியை மில் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு முதல் ஆளாகக் கொண்டுபோகத்தான் வந்திருந்தார்.

"உங்க பையன் இந்நேரம் ஸ்டேட் டீம்ல சேர்ந்திருப்பானுங்க அம்மணி. நாம குடுத்த பூட்ஸ் சும்மா உடுமா?"

மில் ஹாக்கி டீமில் ஆடும் அவள் மகன் வேலன் மண் கிரவுண்டில் வழுக்குகிறான் என்று, இரும்பு முள் வைத்த பூட்ஸைத் தேடிப்பிடித்தவர் அவர்தான். கொடுத்த அன்று வேலனுக்கு மாலை. பூட்ஸுக்கும் காலுக்கொரு பொட்டு. ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்கும் மெட்ராஸில் மண்ணில் இல்லை, தரையில் விரித்த செயற்கைப் பச்சைக் கம்பளத்தில் ஆடுகிறார்கள் என்பது லைனில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் நஞ்சுண்டன் அதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பார்.

ஸ்டேட் டீமில் எடுத்தால் மில்லில் நிரந்தர வேலை, ஆடினால் போதும். எடுக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து ஸ்பின்னிங்கில், நூல் சுற்றி நிறைந்த பாபின்களை மெஷினிலிருந்து கழற்ற வேண்டும். மில் ஆபீசர் அவளைக் கூப்பிட்டே சொல்லியிருந்தார்.

வேலன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். பூட்ஸ் கழுத்தில் தொங்கியது. பொட்டு அழியவில்லை.

"ஏன் கண்ணு நொண்டறே?"

"முள்ளு கம்பளத்தைக் கிழிச்சுபோடும்னு இதை உள்ளயே உடலீங்கம்மா. வேற பூட்ஸ் இரவல் கேட்டேன், எதுவும் காலுக்குப் பத்துலீங்க. வெறுங்கால்ல ஓடினேன். வெயில்ல அது தோசைக்கல்லாட்டக் காயுது. பாதியிலயே உக்கார வெச்சுட்டாங்க."

நஞ்சுண்டன் தொண்டையைச் செருமினார். "கடைக்காரனாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

சேதி சொல்ல அவர் முந்தவில்லை. ஆனாலும் இருட்டுவதற்குள் லைனுக்கே தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை சாந்தாமணி மகனின் உள்ளங்கால்களில் பழைய வேட்டித் துணியைச் சுற்றினாள். ஆபீசர் அறை வாசலில் நின்று, "புண்ணு ஆறட்டுங்க, ரெண்டு நாள் கழிச்சு வரட்டுங்களா?" என்றாள்.

"மெட்ராஸ் போறப்ப கால் நல்லாத்தானே இருந்துது?" என்றார் அவர், தலை நிமிராமல்.

ஸ்பின்னிங் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன.

"உள்ள வெறுங்கால்லதான் போகோணும் கண்ணு," என்றார் வாட்ச்மேன் அழகிரிசாமி. பிறகு துணியைப் பார்த்தார். "அதையும் அவுத்துரு. மெஷின்ல சிக்கிக்கும்."

துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. சாந்தாமணி குனிந்து, அவனைத் தன் தோளைப் பிடித்துக்கொள்ள விட்டு, மெதுவாக உரித்தெடுத்தாள்.

உள்ளே, பாபின் நிறைந்துவிட்டது என்று நஞ்சுண்டன் விசில் ஊதினார். பாபின் கழற்றுகிறவர்கள் மெஷினுக்கு ஓடினார்கள். சிமெண்டுத் தரையில் ஈரச் சுவடு பதிய, வேலனும் ஓடினான்.