டாக்டர் காரின் டிக் டிக்

டெய்லரக்காவின் தையல் மெஷின் சன்னலோரம் கிடப்பது வெளிச்சத்துக்காகத்தான். கேட்டால் அப்படித்தான் சொல்வாள். அங்கிருந்து பார்த்தால் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம் மூலைமுடுக்கு விடாமல் தெரிகிறது என்பது தற்செயல்.

கொஞ்ச நாளாக அங்கே நடந்த கூத்து, அவளை ஊசியில் நூல் கோர்க்க விடவில்லை. காலையில் கீழ்வீட்டுப் பல் டாக்டர் தன் நீலக் காரில் ஏறிச் சாவியைத் திருப்புவாள். 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி 'டிக்'. வண்டி கிளம்பாது. அந்தச் சின்னச் சத்தம் மாடியேறி வந்து டெய்லரக்காவின் வீட்டுக்காரர் காதில் கணீரென்று விழும். சமையலறைக் குழாய் ராப்பகலாக ஒழுகும் சத்தம் விழாத அதே காதில்!

உடனே மனிதர் டீயை வைத்துவிட்டு எழுந்து, தலையைச் சீவி, ஜம்பர் கேபிளை மாலை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். தம் காரைக் கொண்டுபோய் டாக்டர் காருக்கு மூக்கோடு மூக்கு நிறுத்தி, இரண்டு பேட்டரிகளையும் கேபிளால் இணைத்து, "மெதுவா... மெதுவா... ம், இப்பத் திருப்புங்க டாக்டர்" என்பார். அந்தக் குழைவை டெய்லரக்கா கடைசியாகக் கேட்டது பெண் பார்க்க வந்த அன்றைக்கு.

அவருடைய ஆபீஸ் வேன் வருவதற்குள் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிக்கும் நேரம்தான் இருவருக்கும் மிச்சமிருந்த பேச்சு நேரம். இப்போது அவர் டம்ளரில் ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. அவளுக்கோ வயிறு எரிந்தது.

அவர் சொன்னாரென்று டாக்டர் புதுப் பேட்டரியே வாங்கிப் போட்டாள். அதற்கும் 'டிக்'.

"அப்ப ஸ்டார்ட்டர் மோட்டாராத்தான் இருக்கும். தினம் பக்கத்துல இருந்து பாத்தாத்தான் பிடிபடும்" என்றார் வீட்டுக்காரர். முகத்தில் கவலையின் சாயலே இல்லை.

"பாருங்க, பாருங்க. நல்லாப் பாருங்க" என்று கத்தரிக்கோலை எடுத்தாள் அவள்.

அன்றைக்கே லாரி மெக்கானிக்கான தன் தம்பிக்கு போன் போட்டாள்.

"ஏன்டா, ஒரு காரு டிக்குங்குது, கிளம்பல. பேட்டரி புதுசு. வேற வண்டியிலேர்ந்து கரண்டு குடுத்தா கிளம்பிடுது. என்ன நோவு?"

"யாரு வண்டிக்கா?"

"யாரு வண்டியா இருந்தா உனக்கென்ன? கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்பிப் பாரு. லைட்டு செத்துப்போச்சுன்னா கரண்டு வழியில எங்கயோ மாட்டுது. பேட்டரி தலையில வயரப் பிடிச்சிருக்கற கவ்வி இருக்குல்ல, அதுக்குள்ள உப்புப் பூத்திருக்கும். ஜம்பர் கேபிள கவ்வி மேலயே மாட்டுறதால அப்ப மட்டும் கிளம்புது. கழட்டறப்போ கறுப்பு வயர மொதல்ல கழட்டு, மாட்டறப்போ அதக் கடைசியா மாட்டு. ஏங்கா, மாமா பாக்கலையா?"

"உங்க மாமா பாக்கறதெல்லாம் வேறடா."

சனிக்கிழமை வீட்டுக்காரர் முடிவெட்டப் போனார். போன வாரம்தான் வெட்டியிருந்தார்! அவர் தலை மறைந்ததும் டெய்லரக்கா அவருடைய டூல்ஸ் பெட்டியிலிருந்து ஸ்பானரை உருவினாள். சமையல் சோடா கரைத்த வெந்நீர், மெஷினில் பஞ்சு தட்டும் பழைய டூத் பிரஷ், பழந்துணி சகிதம் போய் டாக்டர் வீட்டு மணியை அழுத்தினாள்.

"டாக்டர், லைட்டப் போட்டு ஒருதரம் சாவியத் திருப்புங்க."

டிக். விளக்குகள் கண்ணை மூடிக்கொண்டன. தம்பி சொன்ன வரிசையில் வயர்களைக் கழற்றினாள். பேட்டரிதான் புதுசு, கவ்விகள் பழையவை, உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

டாக்டர் எட்டிப் பார்த்தாள். "ஐயோ அக்கா, காறை! என்கிட்ட வர்றவங்க பல்லுலகூட இவ்வளவு பாத்ததில்ல."

டெய்லரக்கா பிரஷ்ஷால் தேய்த்த தேய்ப்பில் பல கோபங்களும் சேர்ந்து போயின. துடைத்து, மாட்டி, இறுக்கினாள். சாவியைத் திருப்பினதும் வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது.

"பெரிய உபகாரம்கா. சார் தினம் வந்து நிக்கறது எனக்கே கூச்சமா இருந்துச்சு. கிளினிக்குக்கு நேரமாகும், அவரு பேட்டரியோட பூர்வீகத்தச் சொல்லிட்டிருப்பாரு. பாவம்."

அந்தப் 'பாவம்' டெய்லரக்காவின் காதில் தேனாகப் பாய்ந்தது. படியேறும்போதுதான் உறைத்தது: என் புருஷனைப் பாவம் என்று சொல்ல இவள் யார்?

திங்கட்கிழமை நீலக் கார் ஒரே திருப்பில் கிளம்பிப் போனது. தலை சீவி, கேபிளோடு வாசல்வரை போனவர் அப்படியே நின்றார். கீழேயிருந்து டாக்டர், "அக்கா, தேங்க்ஸ்!" என்று கத்தியது வேறு. அவர் திரும்பி வந்து டீயைச் சூடாகவே குடித்தார். டம்ளரை வைத்ததும் பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். மறுநாளும் அப்படித்தான். டீ திரும்பக் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. ஒழுகும் குழாயைக் காட்டினால், "பிளம்பரக் கூப்பிடு" என்றார்.

வியாழக்கிழமை காலை, வேன் வருவதற்கு முன்பே, தைத்த துணிகளைக் கொடுத்துவர டெய்லரக்கா தங்கள் காரை எடுக்கப் போனாள். அதே ஸ்பானர் கைப்பையில் இருந்தது. பானெட்டைத் திறந்தாள், மூடினாள். பிறகு உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

டிக்.

"ஏங்க!" என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வண்டி கிளம்ப மாட்டேங்குது!"

அவர் வந்தார். தலை சீவவில்லை. இரு காலிலும் வெவ்வேறு செருப்பு. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அவள் அத்தனையையும் கவனித்தாள். டாக்டருக்குச் சீவிய தலை, எனக்குப் பரட்டையா என்று ஒரு நொடி பொறுமினாள். அப்புறம்தான், சீவக்கூட நிற்காமல் ஓடி வந்திருக்கிறார் என்று பட்டது.

பானெட்டைத் திறந்தவர் கவ்வியை விரலால் ஆட்டினார். அது ஆடியது. குனிந்தபடியே திரும்பி அவளைப் பார்த்தார்.

"ஊரான் வண்டியையெல்லாம் சரி பண்றவளுக்கு இது தெரியலையா?"

"எனக்கென்ன தெரியும், தையக்காரி."

அவர் கை நீட்டினார். அவள் கைப்பையிலிருந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தாள். இறுக்கிவிட்டு நிமிர்ந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மெதுவா... மெதுவா... ம், இப்பத் திருப்புங்க டெய்லரக்கா."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றாள் அவள். "கீழ்வீட்டுச் சன்னல் சாத்தியிருக்கு."