கேரவனில் ஒரு பூஜை அறை

வயநாடு என்றாலே ஆனந்தலட்சுமிக்குப் பயம். மகள் அனகாவை அங்கே கட்டிக்கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. மகள் வீட்டு அடுக்களை என்ன நிறம் என்று போனில் பார்த்ததோடு சரி. இவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு அரை மணிக்கு ஒருதரம் ஒதுங்கியாக வேண்டும். ரயில் கோழிக்கோடு வரைக்கும்தான். அதற்கு மேல் மூன்று மணி நேரம் மலைப்பாதை. ஒரே ஒரு தடவை காரில் போய்ப் பார்த்தார்கள். மலைக்கணவாயின் இரண்டாவது வளைவில் கணவர் சிவானந்தம் துண்டை விரித்து மறைப்புப் பிடித்து நிற்க, பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டு போனான். அங்கிருந்தே பாறசாலை வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அப்படியிருக்க, ரிஜிஸ்டர் ஆபீஸில் முப்பது வருஷம் அடுத்தவன் நிலத்துக்கு எல்லை எழுதி ஓய்வு பெற்ற சிவானந்தம், ஒரு பழைய வேனை வாங்கி, காட்டாக்கடையில் ஜிஜோவின் ஒர்க்‌ஷாப்பில் விட்டு, கேரவனாக்கிக் கொண்டுவந்தபோது அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. இந்த மனுஷன் தலைக்குள்ளும் ஏதோ ஓடியிருக்கிறதே! இரண்டு படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, குட்டி பிரிட்ஜ், கடைசியில் கதவு போட்ட கக்கூஸ்.

“இதாக்கும் சேச்சி, வண்டிக்க மெயின் ஐட்டம்,” என்று கூடவே வந்திருந்த ஜிஜோ கதவைத் திறந்து காட்டினான். “பட்டன அமுக்கினா வெள்ளம் வரும். வண்டி ஓடும்பளும் போலாம்.”

அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, மூடியின் மேல் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அந்தச் சந்தோஷம் மூன்று நாள்கூட நிலைக்கவில்லை. நெய்யாற்றின்கரையிலிருந்து நாத்தனார் உமையம்மாள் வந்து இறங்கினாள். அக்காவைக் கேட்காமல் சிவானந்தம் இதுவரை ஒரு பல்லைக்கூடப் பிடுங்கிக்கொண்டதில்லை; முதல் யாத்திரைக்கு அவளைக் கூப்பிடாமல் விடுவாரா? உமையம்மாள் வண்டிக்குள் ஏறினாள். இன்னும் யாருமே உபயோகிக்காத கக்கூஸைப் பார்த்து மூக்கைப் பொத்தினாள். இறங்கினாள்.

“எலே சிவானந்தம், அடுப்பும் அதுவும் ஒரே கூரைக்க கீழயா? நம்ம சைவக்காரங்களாக்கும். அதை அடைக்காம நான் இந்த வண்டியில ஒரு வாய் வெள்ளம் குடிக்க மாட்டேன்.”

அவள் வீட்டில் கக்கூஸுக்கும் அடுக்களைக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர்தான். அங்கே மூன்று வேளையும் வக்கணையாகத் தின்கிறாள். ஆசாரமெல்லாம் அடுத்தவளுக்குத்தானே.

அதற்குப் பிறகு பயண ஏற்பாடு முழுவதும் அக்கா கைக்குப் போனது. வயநாட்டில் தென்னையே இல்லாதது போல நாற்பது தேங்காய் ஏறியது. இரண்டு வாழைக்குலை, ஒரு சாக்கு மரச்சீனிக் கிழங்கு, ஆளுயர நிலவிளக்கு. சைவச் சமையலுக்கென்று தனிப் பாத்திரம் வேறு. ஏறப்போகிற மூன்று பேருமே சைவம்தான், தனியாக எதற்கு என்று கேட்க நாதியில்லை. படுக்கையில் ஒரு பூனை படுக்கக்கூட இடமில்லாமல் போயிற்று. சிவானந்தம் காதில் பேனாவைச் செருகிக்கொண்டு லிஸ்ட்டில் டிக் அடித்துத் திரிந்தார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவர் மனைவியை வண்டிக்குள் கூப்பிட்டார். முகத்தில் பெரிய சாதனை செய்த களை. கக்கூஸ் கதவில் ‘ஓம்’ ஸ்டிக்கர் ஒட்டி மணி கட்டியிருந்தது. உள்ளே மஞ்சள் பட்டு விரித்து, பிள்ளையார் சிலை, முருகன் படம், சுற்றிலும் சீரியல் பல்பு.

“பூஜை முறி எப்படி? அக்காவுக்கும் சமாதானம்.”

அவள் பட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு பிளைவுட் பலகை. பலகைக்குக் கீழே கம்மோடு, அப்படியே.

“இது உங்க அக்காவுக்குத் தெரியுமா?”

“சத்தம் போடாத. இளக்கி எடுக்க ரெண்டு நாளாவும்னு ஜிஜோ சொன்னான். அதான் மூடியாச்சே, யாருக்குத் தெரியப்போவுது?”

“பின்ன நான் எங்க போவேன்?”

“வழி நெடுக பெட்ரோல் பம்பு உண்டும் லெட்சுமி. கொஞ்சம் அடக்கிக்கோ.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அவள் கேட்டிருக்கிறாள். பிள்ளையாரையே கொண்டுபோய்க் கக்கூஸ் மேல் உட்காரவைத்து, அதற்குச் சுத்தம் என்று பேர் வைத்த கதையை இப்போதுதான் பார்க்கிறாள். திட்டுவதற்குக்கூட இந்த மனுஷன் லாயக்கில்லை என்று தோன்றியது. அனகாவின் வீட்டு வாசலை இந்தத் தடவையும் மிதிக்க முடியாது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெருவே முற்றத்தில் கூடியிருந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சிதறுகாய் உடைத்தாயிற்று. உமையம்மாள் வண்டிக்குள் நின்று, அந்தப் பலகைக்குக் கற்பூரம் காட்டி, கண்ணை மூடி உருகினாள். பக்கத்து வீட்டு விலாசினி படியில் நின்று, “எந்தொரு ஐஸ்வர்யம்!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“லெட்சுமி, வந்து கும்பிடு,” என்றாள் உமையம்மாள்.

ஆனந்தலட்சுமி ஏறினாள். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தட்டை வாங்கி அடுப்பு மேடையில் வைத்தாள். பிறகு பிள்ளையாரைப் பத்திரமாகத் தூக்கி, “இதைக் கொஞ்சம் பிடிங்க மைனி,” என்று நாத்தனார் கையில் கொடுத்தாள். முருகன் படம் கணவர் கைக்குப் போனது. பட்டை மடித்து விலாசினியிடம் கொடுத்தாள். பலகையைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தாள்.

உமையம்மாள் கம்மோடையும் தன் கையிலிருந்த பிள்ளையாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எலே பாவி! இதுக்கா என்னைக் கற்பூரம் காட்ட வச்ச?”

சிவானந்தம் முருகன் படத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனந்தலட்சுமி உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

“லெட்சுமி, வெளிய வா. எல்லாரும் நிக்காவ.” கதவோரம் அவர் கெஞ்சினார்.

“நிக்கட்டும். எனக்கு முட்டுது.”

தண்ணீர் பாயும் சத்தம் முற்றம்வரை கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கதவு திறக்கவில்லை.

“வண்டியை எடுங்க,” என்றாள் உள்ளிருந்து. “இந்தக் கதவை இனி அனகா வீட்டு முற்றத்துலதான் திறப்பேன். மைனிக்கு அசுத்தம்னா இப்பவே இறங்கட்டும்.”

படியில் யாரோ திம்மென்று இறங்கும் சத்தம். உமையம்மாள் தம்பியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவது கேட்டது. அது தன்னுடைய ஏழு தலைமுறையும்தான் என்ற ஞாபகம் அவளுக்கில்லை. ஆனந்தலட்சுமி இருட்டில் கதவின் தாழைப் பிடித்தபடி நின்றாள். இப்போது அவர் அக்காவின் பின்னால் ஓடியிருப்பார் என்று நினைத்தாள்.

டிரைவர் சீட்டில் அவர் செருமுவது கேட்டது, கதவு சாத்தப்பட்டது. எஞ்சின் உறுமியது. நாற்பது தேங்காயும் உருண்டன.

அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

“மக்கா,” என்றாள். “அம்மை வாறேன்.”