ராசாவின் வாயசைவு

கிரீடத்தைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, மகேந்திரராசா கமராவின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். மைக் ஏதும் ஒளித்து வைத்திருப்பார்களோ என்று. ஒரு பெட்டியும் கைப்பிடியும் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை.

"கையால சுத்துற பழைய கேமரா அங்கிள். சத்தம் பதியவே பதியாது," என்றாள் ஹர்ஷினி, மூன்றாவது தடவையாக.

சென்னையிலிருந்து மொன்றியலுக்குச் சினிமா படிக்க வந்தவள். நூறு வருடத்துக்கு முந்திய ஊமைப்படம் போலவே பத்து நிமிடப் படம் ஒன்று எடுக்கிறாள். கடையில் அரிசி மூட்டையை முறைத்துக்கொண்டு நின்ற கிழவரைக் கண்டதும், ராசாவுக்கு இந்த முகம்தான் என்று பிடித்துக்கொண்டாள். சும்மா ஒருவர் சிரித்துக் கேட்டால் பின்னால் ஏதோ இருக்கும் என்பது மகேந்திரராசாவின் கட்சி. ஒப்புதல் கடிதத்தில் உடனே கையெழுத்து வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"கண்ணாடியைக் காணேல்லை. நீ ஒருக்கா வாசி," என்று மனைவியிடம் நீட்டினார்.

சிவநேசம் நான்கு பக்கத்தையும் வாசித்து, "ஒரு வில்லங்கமும் இல்லை. இதிலை போடுங்கோ," என்று விரல் வைத்துக் காட்டினாள். கனடாவுக்கு வந்த முப்பத்தெட்டு வருடமாக வீட்டுக்கு வந்த இங்கிலீசுக் கடிதமெல்லாம் அப்படித்தான் வாசிக்கப்பட்டன.

இன்று ஜாரி பூங்காவில், போருக்குப் போகும் ராசா ராணியிடம் விடைபெற வேண்டும். அந்தக் காலத்தில் பெண்கள் நடிக்கத் தயங்கியதால் ஆண்களே சேலை கட்டினார்களாம். ஆகவே ராணி, ஹர்ஷினியோடு படிக்கும் அகிலன். மீசை எடுத்த இடம் பச்சையாகத் தெரிந்தது.

"இவனைப் பாத்தா எனக்கு அழுகை வராது பிள்ளை. சிரிப்புத்தான் வரும்."

"எனக்கும்தான் அங்கிள்," என்றான் ராணி.

"அப்போ அவனைப் பாக்காதீங்க, கேமராவைப் பாருங்க. ஆன்ட்டிகிட்ட இத்தனை வருஷமா சொல்லாதது ஒண்ணு இருக்கும்ல, அதைச் சொல்லுங்க. முகம் மட்டும்தான் எடுக்கிறேன்."

இருந்தது. தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று, கலியாணம் பேசின நாளிலிருந்து நாற்பத்திரண்டு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்தது. ஹர்ஷினி கைப்பிடியைச் சுற்ற, கமரா அரிசி புடைப்பதுபோல் சரசரத்தது. அகிலனுக்குக்கூடக் கேட்கக்கூடாதென்று மகேந்திரராசா குரலை விழுங்கி, உதட்டை மட்டும் நிறுத்தி நிதானமாக அசைத்தார்.

'சிவநேசம், பத்தாம் வகுப்புப் பாஸ், இங்கிலீசும் வரும் எண்டு தரகரிட்டை நான்தான் பொய் சொன்னனான். நான் அஞ்சோடை நிண்டவன். கண்ணாடி ஒருநாளும் துலையேல்லை.'

சுமை இறக்கிய மாட்டுக்கு வருகிற பெருமூச்சு அவருக்கு வந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது. "சூப்பர் அங்கிள்," என்று ஹர்ஷினி குதித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் தன்பாட்டில் விசிலடித்தார்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு மத்தியானம், வில்லரேயில் ஒரு மண்டபத்தில் படத்தைக் காட்டினார்கள். சிவநேசம் தன்னோடு முன்பு வேலை செய்த நான்கு பெண்களையும் கூட்டிவந்து முன்வரிசையில் இருந்தாள். மகேந்திரராசா மூன்று வரிசை பின்னால், கதவுப் பக்கமாக.

சுவர் நிறைய அவர் முகம் வந்தது. உதடு அசைந்தது. பிறகு எழுத்து வந்தது: 'போய் வருகிறேன், தேவி.' சபை உச்சுக்கொட்டியது. முன்வரிசையில் மட்டும் ஒரு தோள் குலுங்கியது; பிறகு இன்னொன்று.

"அஞ்சாம் வகுப்போ?" என்றாள் அந்த நால்வரில் ஒருத்தியான பாரிஜாதம், வாயைப் பொத்திக்கொண்டு.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சென்ட் லோரன்டில் காலுறை பின்னும் தொழிற்சாலை. காது அடைக்கிற மிசின் இரைச்சலுக்குள் இருபத்திரண்டு வருடம் இந்த ஐந்து பேரும் மீன்குழம்பிலிருந்து மருமகள் வரை வாயசைவிலேயே கதைத்துத் தீர்த்தவர்கள். மைக்கைத் தேடினாரே, மனிசியை யோசித்தாரா?

கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சிவநேசம் சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பினாள். திரையின் வெளிச்சம் அவள் ஒரு கன்னத்தில் விழுந்தது. அவரை நேராகப் பார்த்து, சத்தமில்லாமல், நிறுத்தி நிதானமாக உதட்டை அசைத்தாள். பக்கத்திலிருந்த நாலு பேரும் ஒருவர் மேலொருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்றார் அவர்.

அவள் மறுபடியும் அதையே அசைத்தாள், இன்னும் ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாக. மகேந்திரராசா முன்னால் குனிந்து, அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், இதையாவது தானே வாசித்துவிடவென்று, சட்டைப்பையில் கிடந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.