டெல்பர்ட்டின் பறக்கும் கழிப்பறை

மனிதகுலம் முதன்முதலாக அண்ணாந்து வானத்தைப் பார்த்த நாளிலிருந்து, ஒவ்வொரு தலைமுறையும் ஒரு மாமனிதனுக்காகக் காத்திருந்திருக்கிறது. இந்தத் தலைமுறைக்கு அந்த மாமனிதர் தாமே என்பதில் டெல்பர்ட் ஷ்ராகுக்குச் சந்தேகம் இல்லை. சனிக்கிழமை காலையில் சிரப் என்ற இனிப்புப் பாகு ஊற்றிய பான்கேக் ஆறிக்கொண்டிருக்க, மனைவி லவோனிடம் அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது அவர் மடியில் இருந்தது ஒன்றரை அடி உயரக் கழிப்பறை.

பண்ணை வீடுகளின் கொல்லையில் ஒரு காலத்தில் நின்றதே, கதவில் பிறைநிலா வெட்டிய மரக் கழிப்பறை, அதேதான். உண்மையில் அது, பாகங்களைப் பெட்டியாக வாங்கி ஒட்டிச் சேர்த்துப் பறக்கவிடும் சிறு ராக்கெட். ஆறு வாரம் உட்கார்ந்து பலகை பலகையாக ஒட்டி, கூரைக்குள் எடைக்குக் களிமண் அப்பி, கதவுக்குக் கீல்கூட வைத்துவிட்டார்.

"இது பொம்மை இல்ல லவோன். காத்துக்கே விடுற சவால்."

"சவாலைக் கொஞ்சம் தள்ளி வை. சிரப் ஒட்டிக்கப்போகுது."

டெல்பர்ட் அமெரிக்காவின் விசிட்டா நகரில் ஒரு விமானத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருடம் பொறியாளராக இருந்தவர். பயணிகளின் சாப்பாட்டுப் பலகை மடியில் விழாமல் பிடிக்கும் கொக்கி அவருடைய பொறுப்பு.

அவருடைய இன்றைய கவலை வானம் அல்ல, மண்வெட்டி. ராக்கெட் சங்கத்தில் வருடம் ஒருநாள் விசித்திர வடிவங்களை மட்டும் பறக்கவிடுவார்கள். அன்றைக்கு ஆகப்பெரிய அசட்டுத் தவறு செய்பவர், தங்க வர்ணம் பூசிய மண்வெட்டியை ஒரு வருடம் வாசற்கதவில் மாட்டிவைக்க வேண்டும். இரண்டு வருடமாக அது டெல்பர்ட் வீட்டில்தான் தொங்குகிறது. முதல் வருடம், ராக்கெட்டைக் கிளப்பும் மருந்துக் குழாயான மோட்டாரைத் தலைகீழாகச் செருகியதற்காக. இரண்டாம் வருடமும் அதற்காகவே. தபால்காரப் பெண் தினமும், "யாரையும் இன்னும் புதைக்கலையா சார்?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

கோதுமை அறுத்த வயலில் கூட்டம் கூடியிருந்தது. லவோனும் கூட வந்திருந்தாள். டெல்பர்ட் லாரியின் பின்பலகையில் வைத்து ராக்கெட்டைத் தயார் செய்தார். இந்தமுறை மோட்டாரை மூன்று தடவை சரிபார்த்தார். அடுத்தது, மோட்டாருக்கும் பாராசூட்டுக்கும் நடுவே திணிக்கும் தீப்பிடிக்காத காகிதம். உச்சியில் வெடித்துப் பாராசூட்டைத் தள்ளும் நெருப்பு, அந்தக் காகிதம் இல்லாவிட்டால் பாராசூட்டையே பொசுக்கிவிடும். பார்வைக்கு அசல் கழிப்பறைக் காகிதம்தான். அதைக் கையில் எடுத்த நேரத்தில் சங்கத்து நண்பர் வெண்டெல் வந்து சேர்ந்தார். அவருடைய பறக்கும் தட்டு வடிவ ராக்கெட் காலையிலேயே அவர் காரின் முன்கண்ணாடியைப் பிளந்திருந்தது. மண்வெட்டி தனக்குத்தான் என்று அவர் ஏறக்குறைய மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

"யோவ், பெட்டி மாதிரி இருக்கு. இதெல்லாம் நேரா போகுமா?"

யாராவது இப்படிக் கேட்கமாட்டார்களா என்று ஆறு வாரமாகக் காத்திருந்தவர் டெல்பர்ட். ஈர்ப்பு மையத்தில் தொடங்கி மனிதகுலத்தின் விதிவரை இருபது நிமிடம் பேசினார். பேசி முடித்து, கூரையை மூடி, ஏவுமிடத்தை நோக்கிக் கம்பீரமாக நடந்தார்.

சங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி மார்வா, முன்னாள் பள்ளிப் பேருந்து ஓட்டுநர், சரிபார்ப்புப் பட்டியல் செருகிய அட்டையோடு வழிமறித்தாள்.

"பேப்பர் வச்சியா?"

"மார்வா, நான் விமானம் செஞ்சவன்."

"கொக்கி செஞ்சவன். வச்சியா, இல்லையா?"

"வச்சாச்சு, வச்சாச்சு!"

ஐந்து, நாலு, மூன்று என்று வயலே எண்ணியது. டெல்பர்ட் பொத்தானை அழுத்தினார். சீறிக்கொண்டு கிளம்பியது கழிப்பறை. நூலில் கட்டி இழுத்ததுபோல நேராக ஏறியது, பிறைநிலா வெயிலில் மின்னியது. உச்சியில் 'டப்' என்று கூரை திறந்துகொண்டது. பாராசூட் மட்டும் விரியவில்லை, சுருண்டு கட்டியாகத் தொங்கியது. லவோன் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் கழிப்பறை ஈட்டிபோலப் பாய்கிற வடிவமா என்ன? காற்றை முட்டிக்கொண்டு, குட்டிக்கரணம் அடித்து, கதவைப் படபடவென்று ஆட்டிக்கொண்டு சாவகாசமாக இறங்கியது. அறுத்த கோதுமைத் தாள்கள் நடுவே நிமிர்ந்து நின்றது. ஆட்டம் ஓய்ந்த கதவு மெதுவாகத் தானே சாத்திக்கொண்டது.

வயல் அதிர்ந்தது. தொப்பிகள் பறந்தன. வெண்டெல் தரையில் உருண்டு சிரித்தார். அறுபத்தொன்பது வயது டெல்பர்ட் குதித்த குதியில் ஒரு செருப்பு கழன்று போனது.

"எல்லாம் திட்டம் போட்டதுதான்! இதுக்குப் பாராசூட்டே தேவையில்ல!" என்று கத்தினார். சட்டைப் பையில் கைவிட்டுக் கிடைத்ததை எடுத்து, பொங்கி வந்த ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

மார்வா உற்றுப் பார்த்தாள். "டெல்பர்ட், கையில என்னது?"

"கைக்குட்டை."

"அப்படியா? தீக்குச்சிய கிட்ட காட்டுவோமா? பத்துதான்னு பார்ப்போம்."

முதலில் லவோன்தான் சிரித்தாள். பிறகு டெல்பர்ட்டுக்கே அடக்க முடியவில்லை. அன்று மாலைக்குள், வேறு பாராசூட் கடன் வாங்கி, காகிதம் திணித்து, இன்னும் நாலு தடவை பறக்கவிட்டார். நாலு தடவையும் ஒழுங்காக விரிந்தது. முதல் தடவைபோல யாரும் கைதட்டவில்லை.

மண்வெட்டி மூன்றாம் வருடமும் அதே கதவில் தொங்குகிறது. அதன் பிடியில் பெயரும் வருடமும் காரணமும் எழுதுவது சங்கத்தின் வழக்கம். இந்த வருடத்துக் காரணத்தை வெண்டெல் எழுதினார்: "கழிப்பறையில் காகிதம் இல்லை."