உல்ஜானின் விளக்கக் கடிதம்

கோக்தாஷ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் ஒன்பதாயிரம் உலர்செடிகள் உண்டு. எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று உல்ஜானுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக மலையேறிப் பறிப்பவள் அவள், காகிதத்தில் ஒட்டுபவளும் அவள். அடியில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் மட்டும் யாராவது ஒரு பேராசிரியரின் பெயர் வரும். அதையும் அவளே தன் மணிமணியான கையெழுத்தில் எழுதவேண்டும். கேட்கிற நமக்கு வயிறு எரிகிறது. அவள் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. அதற்காகத் தன் பெயரும் வரவேண்டும் என்ற ஆசை இல்லாமலா இருக்கும்?

கணினிப் பிரிவு பெர்மெத், ஊழியர்களுக்கென்று ஒரு வலைப்பூ நடத்தினாள். வாராவாரம் வந்து, 'ஏஜே', அதாவது அக்கா, என்று கூப்பிட்டு உல்ஜானை நச்சரிப்பாள்.

"ஏஜே, நீங்க ஒண்ணு எழுதுங்களேன். பேராசிரியருங்க எல்லாம் மாநாட்டுல போட்டோ பிடிச்சதையே எழுதுறாங்க. அவங்க வீட்டு ஆளுங்களே படிக்கிறதில்ல."

"நான் என்னத்தடி எழுத? காஞ்ச புல்லத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

"அதத்தான் எழுதச் சொல்றேன்."

"என் பேரு வருமா?" கேட்டுவிட்டு உல்ஜானுக்கு வெட்கமாகப் போயிற்று. சுத்தமாக இருந்த தேநீர்க் கிண்ணத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"கொட்டை எழுத்துல போடுறேன், ஏஜே!"

பல்கலைக்கழகத்துக்கென்று உல்ஜான் இதுவரை எழுதியது ஒரே வகைதான். தாமதமாக வந்தால், கூட்டத்துக்கு வராவிட்டால், கண்ணாடி உடைந்தால், நிர்வாகத்தைப் பார்க்கும் துணை ரெக்டருக்கு எழுதித் தரும் விளக்கக் கடிதம். பேனாவை எடுத்ததும் கை பழகிய வழியிலேயே போயிற்று.

"துணை ரெக்டர் ஷர்ஷெனோவ் அவர்களுக்கு. உலர்செடிக் காப்பாளர் உல்ஜான் கதிரோவா எழுதும் விளக்கக் கடிதம். செவ்வாய்க்கிழமை நாற்பது நிமிடம் தாமதமாக வந்தேன். காரணம்: இரண்டாம் கட்டடத்தின் பின்சுவர் விரிசலில், வெந்நீர்க் குழாய் ஓரமாக, ப்ரிமுலா என்ற சின்ன மலைச்செடி பூத்திருந்தது. அது கோடை மேய்ச்சல் மலையில் மே மாதம் பூப்பது. இது அக்டோபர். குழாய்ச் சூட்டை வசந்தம் என்று நம்பிவிட்டது. ஒன்பது மணிக்குச் சுவர் பூச ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் வரும்வரை முன்னால் நின்றுகொண்டேன். ஒரு சாண் விட்டுப் பூசும்படி கேட்டேன், விட்டார்கள். தாமதத்துக்கு வருந்துகிறேன். இனி நடக்காது என்று எழுத முடியாது. அடுத்த அக்டோபரிலும் போய்ப் பார்ப்பேன்."

படித்துவிட்டு பெர்மெத் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் வெளியிட்டாள்.

மறுநாள் காலையில் வேதியியல் ஆய்வகத்து அனர்குல் ஓடிவந்தாள்.

"அடியே, லேட்டா வந்தத ஊருக்கே தம்பட்டம் அடிச்சிட்டியே! யாரும் கேக்காமலே கழுத்த நீட்டுன ஆள இப்பத்தான் பாக்குறேன்."

"எல்லாரும் இப்படித்தானே எழுதுவாங்க?"

"வலைப்பூவுல எவடி துணை ரெக்டருக்கு எழுதுவா?"

உல்ஜான் ஓடிப்போய் வலைப்பூவைத் திறந்து பார்த்தாள். பெயர் கொட்டை எழுத்தில்தான் வந்திருந்தது. முதல்முறையாக வந்த பெயர் இப்படியா வரவேண்டும்?

மதியம் அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே அவளுடைய பதிவை அச்செடுத்த தாள். இடது மேல் மூலையில் ஷர்ஷெனோவின் சிவப்பு மை. இதற்குமுன் அவள் கொடுத்த பதினோரு கடிதங்களிலும் அந்த மூலையில் 'எச்சரிக்கப்படுகிறார்' என்றே எழுதியிருந்தது. இப்போது வேறு விதமாக எழுதியிருந்தது:

"படித்தேன். காரணம் ஏற்கப்பட்டது. நானும் போய்ப் பார்த்தேன், பனியிலும் நிற்கிறது. அடுத்த அக்டோபரில் என்னையும் கூப்பிடவும்."

உல்ஜான் அதை மூன்று முறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தத் தாளைச் செடி ஒட்டும் அட்டையில் ஒட்டினாள். வழக்கம்போல் அடியில் விவரம் எழுதினாள். இடம்: இரண்டாம் கட்டடம், பின்சுவர். காலம்: அக்டோபர். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் பேனா சற்று நின்றது.

உல்ஜான் கதிரோவா என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. அந்த இடத்தில் எழுதிப் பழக்கமில்லாத பெயர்.